நெய்யை ஒளித்து ஊற்றாதீர்கள்

அன்புள்ள அக்கா,

பெருங்குடியில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் சர்க்கரையை விட்டாள், பிறகு சோற்றை, பிறகு எண்ணெயை. இப்போது பகலில் வெள்ளரிக்காயும் பால் இல்லாத காபியும், ராத்திரி ஒரு கரண்டி பருப்பும்தான். கேட்டால் ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று ஏதாவது சொல்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பிரியாணி செய்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள். ஒரு வாய் தொடுவதில்லை. அதனால் சாப்பாட்டை வெறுக்கிறாள் என்றும் சொல்ல முடியவில்லை. அவள் பருப்பில் தெரியாமல் ஒரு ஸ்பூன் நெய் விடும்படி சமையல்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இன்ஸ்டாகிராமால் வந்த வினையா? திருச்சியில் இருக்கும் அவள் அம்மாவிடம் சொல்லலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

பட்டினி மனதை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியைப் படித்ததும் தள்ளிப்போட முடியவில்லை.

முதலில் நெய். இன்றைக்கே நிறுத்துங்கள். அன்பினால்தான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் செய்தது பெரிய தவறு. எண்ணெயைக் கண்டு அஞ்சுகிறவளுக்கு நாக்கே தராசாகிவிடும். பருப்பின் மேல் மிதக்கும் பளபளப்பை நீங்கள் கவனிக்கமாட்டீர்கள், அவள் கவனிப்பாள். கண்டுபிடித்த நாளிலிருந்து அடுத்தவர் கை பட்ட எதையும் தொடமாட்டாள். இன்று வீட்டில் சமைத்ததில் அவள் நம்பிச் சாப்பிடும் ஒரே பண்டம் அந்தப் பருப்பு. அதையும் பறித்துவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமா என்ற ஆராய்ச்சியை விடுங்கள். விரதம் என்கிறாளே, அதற்கு ஒரு கேள்வி போதும். ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பவர்கள் மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை செய்து விரதத்தை முடித்துவிடுவார்கள். இவள் எந்தத் துவாதசியில் சாப்பிட்டாள்?

இப்போது பிரியாணி. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. உடம்பு இளைத்தது எதிர்பார்த்ததுதான். மற்றதுதான் ஆச்சரியம். சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பேச்செல்லாம் சாப்பாடு, கனவும் சாப்பாடு. தட்டில் இருந்ததைத் தண்ணீர் கலந்து பெருக்கி நெடுநேரம் சாப்பிட்டார்கள். காபியும் சூயிங்கமும் அளவில்லாமல் போயின. வெயில் காலத்திலும் குளிர்ந்தது. நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள்.

அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இல்லை. பட்டினி ஒன்றே அத்தனையையும் செய்தது. உங்கள் தோழி பிரியாணி கிண்டுவதும், நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே பசிதான். ‘நல்லாத்தானே சமைக்கிறா’ என்று ஆறுதல் அடையாதீர்கள். அவளுடைய பிடிவாதம், கோபம், கணக்குப் பார்த்தல் எல்லாவற்றிலும் பட்டினிக்குப் பெரும்பங்கு உண்டு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், வீட்டில் எல்லோரும் அவளோடு வாதம் செய்து ஜெயிக்கப் பார்ப்பார்கள். பட்டினியில் இருக்கும் மூளையோடு வாதம் செய்து யாரும் ஜெயித்ததில்லை. உணவு உள்ளே போகப் போகத்தான் பேச்சு உள்ளே போகும். சோற்றைப் பழித்தாலும் புகழ்ந்தாலும் ஒன்றும் நடக்காது.

பேசத்தான் வேண்டும். சாப்பாட்டு வேளையில் வேண்டாம், மூன்றாமவள் எதிரிலும் வேண்டாம். எடை, கலோரி, இளைத்துவிட்டாய் என்பதெல்லாம் வேண்டாம். ‘கொஞ்சம் சதை போட்டிருக்கே, இப்பதான் நல்லா இருக்கே’ என்பது இருப்பதிலேயே கெட்ட வாக்கியம், அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை அது தின்றுவிடும். சமையல்கார அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘நேத்து மாடிப்படில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. பயந்துட்டேன். டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்.’ முதல் தடவை கத்துவாள். ஒரு வாரம் விட்டு அதையே சொல்லுங்கள்.

எதைக் கண்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது? எழுந்தால் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, பேதி மாத்திரை அட்டைகள். வாந்தியும் பேதி மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும், அது இதயத்தின் தாளத்தைக் கெடுக்கும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 50க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவர், 40க்குக் கீழே என்றால் நேராக மருத்துவமனை. மயங்கி விழுந்தால் 108. மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள். அவளுக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்லுங்கள். உங்களை மன்னிப்பாளா என்று இப்போது கணக்குப் பார்க்காதீர்கள். ஆனால் அந்த அம்மா சோறும் பாயசமுமாக வந்து இறங்கினால் வேறொரு ஆபத்து இருக்கிறது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மருத்துவர் தரும் பி1 விட்டமின். பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. சாதாரண ஹெல்த் செக்கப் பலவற்றில் பாஸ்பேட்டும் மக்னீசியமும் இருக்காது, கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள், உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உடம்பையும் மனதையும் ஒரே வளாகத்தில் பார்க்க வேண்டும் என்றால் சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனை. அலுவலகக் காப்பீடு இருந்தால் கேளுங்கள். உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவள் உட்காரட்டும்.