தாலின் குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் செஸ் வகுப்புக்குப் போகிறாள். யூடியூபில் மிகைல் தாலின் ஆட்டங்களைப் பார்த்ததிலிருந்து எடுத்ததற்கெல்லாம் காயைக் கொடுக்கிறாள், தோற்கிறாள். கோச்சிடம் சொன்னேன். “தால் ஆடினதெல்லாம் சும்மா மிரட்டல் சார், ஸ்டாக்ஃபிஷ்ல போட்டுப் பாருங்க, பாதி தப்பு” என்றார். அந்த செஸ் கம்ப்யூட்டர் என்ஜினில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரிதான் காட்டுகிறது. எதிராளியை மிரட்டி ஜெயித்தவர்தான் உலக சாம்பியனா? மகளுக்கு இந்த ஆட்டங்களைக் காட்டலாமா, கூடாதா?

ஒரு தந்தை, பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் காட்டும் விதம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் ‘மிரட்டல்’ என்ற பேச்சைத் தீர்த்துவிடுவோம். ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1960, மாஸ்கோ, புஷ்கின் தியேட்டர். உலக சாம்பியன் பொத்வினிக்கை எதிர்த்து ஆடவந்த தாலுக்கு வயது 23. ஆறாவது ஆட்டத்தில் அவருக்குக் கறுப்புக் காய். 21-ஆவது நகர்வில், ஓரத்தில் நின்ற குதிரையை எஃப்4 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். சிப்பாயே வெட்டிக்கொள்ளும் இடம் அது. கூடியிருந்தவர்கள் போட்ட சத்தத்தில் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை, இருவரையும் உள்ளறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

அந்தக் குதிரைக்கு ஈடாக தாலுக்கு உடனே கிடைத்தது ஒரு சிப்பாய்தான். அதுவரை தன் சிப்பாய்க்குப் பின்னால் அடைந்து கிடந்த மந்திரிக்கு நீண்ட குறுக்குப் பாதை திறந்தது, அவ்வளவுதான். தாலின் ராணி பி2 சிப்பாயை எடுத்தது, அவருடைய சிப்பாய் எஃப்3-க்கு முன்னேறியது. இப்போது பொத்வினிக்கின் 25-ஆவது நகர்வு. தாலின் ராணி எதிரே நிற்கிறது, யானையால் வெட்டலாம். வெட்டினார். தன் ராணியும் போயிற்று. கடைசியில் பொத்வினிக் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த இடத்தில் அவர் ராணியைத் தொட்டிருக்கக் கூடாது. எஃப்3-இல் இருந்த சிப்பாயை மந்திரியால் வெட்டியிருந்தால் வெள்ளையின் கை ஓங்கியிருக்கும். கம்ப்யூட்டர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வழி அதோடு முடிவதில்லை. ஒரு யானையை இழந்து, இரண்டு நகர்வு தள்ளி அதே மந்திரியை ஈ4-இல் கொண்டுவந்து நிறுத்தினால்தான் கணக்கு நேராகும். அந்தக் கடைசி நகர்வை முன்கூட்டியே பார்க்காத யாரும் முதல் நகர்வை ஆட மாட்டார்கள். 40 நகர்வுக்கு இரண்டரை மணி நேரம், ஓடும் கடிகாரம், வெளியே இரைச்சல். பொத்வினிக் போன்ற ஒருவருக்கே அது அங்கே கண்ணில் படவில்லை.

உங்கள் என்ஜின் சொல்வது பொய்யில்லை. பலகையில் எது சரி என்று அது சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தச் சரியான நகர்வைக் கண்டுபிடிக்க என்ன பாடுபட வேண்டும் என்பது அதன் கணக்கில் வராது. தால் ஆடியது அந்தக் கணக்கை. பலி கொடுக்கும்முன் அவர் பார்த்திருந்த வழிகளின் எண்ணிக்கை எதிராளி பார்த்ததைவிட மிக அதிகம். இதை மிரட்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிரட்டலால் ஒருமுறை ஜெயிக்கலாம். சோவியத் சாம்பியன்ஷிப்பை ஆறு முறை வெல்ல முடியுமா? அந்தக் காலத்தில் உலகின் மிகக் கடினமான போட்டிகளில் ஒன்று அது. 1973 அக்டோபரிலிருந்து 1974 அக்டோபர் வரை தால் தொடர்ந்து 95 ஆட்டங்களில் தோற்கவில்லை. 46 வெற்றி, 49 டிரா. அதற்குச் சற்று முன்னால் ஒரு 86. இதைச் செய்தவர் எடுத்ததற்கெல்லாம் காயைக் கொடுக்கிறவராக இருக்க முடியாது. அந்த வயதில் அவர் பொறுமையாக, நிலையைப் பார்த்து ஆடினார். தேவைப்பட்டபோது மட்டும் பழைய தால் வெளியே வந்தார். யூடியூபில் இந்தத் தால் அதிகம் தென்படுவதில்லை, பலி விழும் ஆட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

1960-இல் பொத்வினிக்கிடம் வென்ற பட்டத்தை தால் 1961 மறு ஆட்டத்தில் 13–8 என்று இழந்தார். பொத்வினிக் ஓராண்டு உட்கார்ந்து அவரைப் படித்துவிட்டு வந்திருந்தார், காய்களைக் குறைத்து, ஆட்டத்தை அதன் கடைசிக் கட்டத்துக்கு இழுத்தார். தாலுக்குச் சிறுநீரகக் கோளாறு வேறு. அந்த நோய் கடைசிவரை விடவில்லை. அடுத்த ஆண்டு குராசோ தீவில் போட்டி முடியும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்க்க வந்தவர் பிற்கால உலக சாம்பியன் பாபி ஃபிஷர், 1959-இல் தாலிடம் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றவர். 1969-இல் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். மேலே சொன்ன 95 ஆட்டங்களும் அதற்குப் பிறகுதான். 1988-இல், 51 வயதில், உலக சாம்பியன்கள் காஸ்பரோவும் கார்போவும் ஆடிய உலக பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டம்) போட்டியை வென்றார். 1992 மே மாதம் மாஸ்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்துவந்து பிளிட்ஸ் ஆடி, காஸ்பரோவையே ஒரு ஆட்டத்தில் வீழ்த்தினார். ஜூன் 28-ஆம் தேதி இறந்தார்.

சென்னைக்காரர்களுக்கு இவர் வேற்று ஆளில்லை. ஆழ்வார்பேட்டையில் அன்றைய சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் தொடங்கிய செஸ் கிளப்புக்குத் தாலின் பெயரைத்தான் வைத்தார்கள், அவர் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தபோதே. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பிளிட்ஸ் ஆடிப் பழகிய இடம் அது. இந்த நகரத்துக் குழந்தைக்குத் தாலைக் காட்ட வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் கோச் சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை: கணக்குப் போடாமல் காயைக் கொடுத்தால் தோல்விதான். அதனால் இப்படிச் செய்து பாருங்கள். என்ஜினை அணைத்துவிடுங்கள். அந்த ஆறாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்து, 25-ஆவது நகர்வில் நிறுத்துங்கள். மகளைப் பொத்வினிக் பக்கம் உட்காரவையுங்கள், கடிகாரத்தில் இருபது நிமிடம் வையுங்கள். காயைத் தொடாமல் யோசிக்கட்டும், தோன்றுகிற வழிகளைத் தாளில் எழுதட்டும். நீங்களும் தனியாக எழுதுங்கள். அதன்பிறகு என்ஜினைப் போடுங்கள். மறுநாள் தால் பக்கம் உட்காரவைத்து, குதிரையை வைப்பதற்கு முன்னால் அவள் எத்தனை வழிகளைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள்.

பிறகு 1973, 74 ஆட்டங்களுக்கு வாருங்கள், அவற்றில் டிரா ஆனவற்றையும் விடாதீர்கள். அவள் எழுதிய தாளை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்.