பதில்: அப்பாவுக்குத் தமிழ்99, எனக்கு ஆங்கில எழுத்து, ஒரே போனில் முடியுமா?

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் அப்பா தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் பழகியவர், போனில் தமிழைச் சேர்த்தால் அ, ஆ, இ என்று வரிசையாக வந்து நிற்கிறது, போனின் மொழியையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போனின் மொழி வேறு, தட்டும் மொழி வேறு, எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பது, அதாவது தளவமைப்பு, வேறு.

கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் அமைப்புகளுக்குள் மொழிகள் பகுதியில் தமிழைத் தொட்டால் அதற்கான தளவமைப்புகள் வரும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவதை உங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள்.

அப்பாவுக்குச் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுக் கொடுங்கள், அதில் தமிழ்99 உண்டு. ஐபோன் என்றால் தனிச் செயலியே வேண்டாம், தமிழ்99, ஆங்கில எழுத்தில் தட்டும் அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

தமிழ்99 என்பது 1999இல் தமிழக அரசு ஏற்ற தளவமைப்பு. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். 'மாம்பழம்' என்று அடிக்க ம, ஆ, ம, ப, ழ, ம, கடைசியில் புள்ளிக்கு ஃ. நடுவில் உள்ள 'ம்ப'வுக்குப் புள்ளி தானாக விழும். இத்தனை வருடம் பழகிய விரலை அ, ஆ வரிசையில் தேட விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. தர்மபுரியில் என் மாமாவும் அப்படித்தான் தட்டுவதையே விட்டுவிட்டுக் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம், இரண்டு விசைப்பலகைகளையும் இயக்கத்தில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் தட்டும்போது திரையின் அடியில் வரும் சிறிய விசைப்பலகைப் படத்தைத் தொட்டால் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் படம் தெரியவில்லை என்றால் போன் மாடலைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.