மெயில் எழுதித் தரும் ஏஐ, பேசவும் கற்றுத்தருமா?

கேள்வி: அலுவலக மெயில் எல்லாவற்றையும் சாட்ஜிபிடியை வைத்துத்தான் எழுதுகிறேன். நல்ல ஆங்கிலம் என்று மேலாளர் பாராட்டுகிறார். ஆனால் மீட்டிங்கில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் வார்த்தை வர மறுக்கிறது. ஏஐயை விட்டுவிடட்டுமா, அல்லது அதை வைத்தே ஆங்கிலம் கற்க முடியுமா? காசு கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: விட வேண்டாம். யார் முதலில் எழுதுவது என்பதை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது நீங்கள் விஷயத்தைச் சொல்கிறீர்கள், அது எழுதுகிறது, நீங்கள் அனுப்புகிறீர்கள். சொல்லைத் தேடுவதும் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதும் அதன் வேலையாகிவிட்டன. மீட்டிங்கில் உங்களுக்குத் தேவைப்படுவது அதே வேலைதான். கனடாவில், வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் பிரெஞ்சு வழியில் பல வருடம் படித்த பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் கவனித்து, 1985-இல் எழுதினார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் கெட்டி. பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். தாங்களே வாக்கியம் அமைக்கும் வாய்ப்பு அவர்களுக்குப் போதவில்லை என்பது அவருடைய முடிவு.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 1,000 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். பாடம் கணிதம். ஜிபிடி-4 என்ற ஏஐ கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், ஏஐயையே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஏஐயோடு படித்தவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கணக்கும் மொழியும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே அவசரமில்லாத மெயில் ஒன்றை, தினமும் ஒன்று போதும், முதலில் நீங்களே எழுதுங்கள். தப்பாக இருக்கட்டும். அப்புறம் ஏஐயிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இதைத் திருத்தி எழுதாதே. முக்கியமான இரண்டு தவறுகள் எந்த வரியில் இருக்கின்றன என்று மட்டும் காட்டு. நான் திருத்திய பிறகு சரிபார்." இந்த "திருத்தி எழுதாதே" ரொம்ப முக்கியம். அதன் போக்கில் விட்டால் சரியாக இருந்த வாக்கியத்தையும் மாற்றி மெருகேற்றிவிடும். எது தவறு, எது அதன் விருப்பம் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அது சொல்லும் இலக்கண விளக்கத்தில் சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். ஏஐ தவறான விளக்கத்தையும் தயங்காமல் சொல்லும்.

பேச்சுக்கு ஏஐயின் குரல் வசதியைப் பயன்படுத்துங்கள். "நீ என் மேலாளர். வேலை ஏன் தாமதம் என்று கேள். ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் முடிக்கும்வரை திருத்தாதே" என்று சொல்லித் தொடங்குங்கள். நீங்கள் யோசிக்க நிறுத்தினால் பேச்சு முடிந்துவிட்டது என்று அது குறுக்கே வரலாம். அப்படியானால் பதிலைப் போனில் பதிவு செய்து, ஒருமுறை நீங்களே கேட்டுவிட்டு, அதே கேள்விக்கு மறுபடி பேசுங்கள். இரண்டாம் முறை நாக்கு இளகுவதை நீங்களே உணர்வீர்கள்.

உச்சரிப்புக்கு மட்டும் அதை முழுசாக நம்பாதீர்கள். சொல் சரியாக ஒலிக்காவிட்டாலும், முன்பின் வைத்து ஊகித்துப் புரிந்துகொண்டுவிடும். எதிரே இருக்கும் மனிதருக்குப் புரியாமல் போகலாம். மனிதர்கள் வேகமாகப் பேசுவார்கள், இடைமறிப்பார்கள், விதவிதமான உச்சரிப்பு இருக்கும். வாரம் ஒருமுறையாவது உங்களைப் போலவே கற்கும் ஒரு தோழியோடு பேசுங்கள். அடுத்த மீட்டிங்கில் யாரோ கேட்கும்வரை காத்திருக்காமல், முந்தின நாளே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு போய் நீங்களே முதலில் கேளுங்கள். எதிர்பாராத கேள்வியைச் சமாளிப்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

காசு இப்போதைக்கு வேண்டாம், இலவச வசதியே இந்தப் பயிற்சிக்குப் போதும். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: அலுவலக மெயில்களை ஏஐயில் போட உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் வாடிக்கையாளர் பெயர், தொகை, ஒப்பந்த விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.