மெடிசின் வேண்டாம் அம்மா, மகளை ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு அனுப்புங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மாமனார் காலமாகி, கருமாதிக்குக் கூடிய உறவினர்கள் சாப்பிட்டு எழுவதற்குள்ளேயே மகளின் படிப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டதாம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளை, தாத்தாவைப் போல ஆசிரியராக வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ, "இவ்வளவு எடுத்துவிட்டு வாத்தியார் வேலைக்கா? வீட்டை அடமானம் வைத்தாவது டாக்டராக்கு" என்கிறார். அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தூக்கமில்லை.

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் விண்ணப்பக் காலம் காத்திருக்காது. அதனால் நேராகச் சொல்கிறேன்: தனியார் கல்லூரியில் மெடிசின் வேண்டாம்.

முதலில் பணம். மலேசியாவில் பெரும்பாலான தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து வருடக் கட்டணமே 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். அதற்கு முந்தைய அடிப்படைப் படிப்பும் தங்கும் செலவும் தனி. அப்பாவின் இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாம், மீதிக்கு வீடு இருக்கிறது என்று பெரியப்பா கணக்குப் போடுகிறார். அந்தத் தவணையைக் கட்டப்போகிறவர் அவரா? படித்து முடித்தவுடன் நிரந்தர அரசு வேலை என்ற காலமும் போய்விட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டையுடன் மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மருத்துவம் உயர்ந்த தொழில்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆசையில்லாத பிள்ளையை, அதுவும் கடனில் அந்தப் படிப்புக்குள் தள்ளுவதைத்தான் தவறு என்கிறேன்.

இனி மகளின் விருப்பம். "தாத்தா போன துக்கத்தில் பேசுகிறாள், ஆறு மாதத்தில் மாறிவிடுவாள்" என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. அதில் பாதி உங்கள் மாமனாரின் கதை. அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அறுபதுகளில் செபராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர். வாரம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, வார இறுதியில் பயிற்சி வகுப்புக்குப் போய்த் தகுதி பெற்றவர். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு தவித்த தொழிலாளர்கள் இரவில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கியவர் அவர். 1998 மார்ச்சில் பினாங்குத் தீவின் கம்போங் ராவாவில் கோயில், பள்ளிவாசல் விவகாரத்தில் பதற்றம் மூண்டபோது, ஓய்வுபெற்ற கையோடு ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போய், தெரிந்த வீடுகளில் எல்லாம் இளைஞர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு சாகும்வரை அமைதிப் பணிதான். அடுக்குமாடியில் கார் நிறுத்தும் சண்டையா, ஊதுபத்திப் புகைத் தகராறா, இரண்டு இனத்துப் பையன்களின் கைகலப்பா, எல்லாம் அவரிடம்தான் வரும்.

அவர் பக்கத்தில் மூன்றாம் படிவம் படித்த காலத்திலிருந்து உட்கார்ந்திருந்தவள் உங்கள் மகள். ஒரு தரப்பு பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, பேசியதை அவள் நோட்டில் எழுதுவாள், முடிந்ததும் "அங்கிள், நீங்கள் சொன்னது இதுதானே?" என்று அவர்களிடமே வாசித்துக் காட்டுவாள். தான் சொன்னதைச் சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டதும் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் வகுப்பே இல்லாத தமிழ் இலக்கியத்தை வெளியே போய்ப் படித்து எஸ்பிஎம்மில் எழுதியவளும் இவள்தான். இது ஆறு மாத ஆசை இல்லை, அம்மா.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழிகளான எஸ்டிபிஎம், மெட்ரிக்குலேஷன் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். நம் வீடுகளில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கு யாரும் பேசாத ஒன்று பிஐஎஸ்எம்பி, ஐபிஜி எனப்படும் ஆசிரியர் கல்விக் கழகம் நடத்தும் இளங்கலைப் பட்டப்படிப்பு. ஒரு வருட முன்தயாரிப்பு, நான்கு வருடப் பட்டம். கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு, தங்குவது ஐபிஜி விடுதியில். நாடு முழுக்க 27 வளாகங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து மெங்குவாங்கிலேயே துவாங்கு பைனூன் வளாகம் இருக்கிறது. ஆனால் அங்கேதான் இடம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தத் துறை எந்த வளாகம் என்பது வருடா வருடம் மாறும். விண்ணப்பம் கல்வி அமைச்சின் இணையதளம் வழியாக மட்டுமே. பிறகு தகுதித் தேர்வு, நேர்காணல். தமிழ்ப்பள்ளிக்கான தமிழ்மொழித் துறைக்கு எஸ்பிஎம் தமிழ் கட்டாயம். அது அவளிடம் இருக்கிறது.

படிப்பு ஏட்டோடு நிற்காது. முதலில் பள்ளியில் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனிப்பார்கள். பிறகு மூன்று கட்டமாகப் பயிற்சிக் கற்பித்தல். விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பாடவேளை முழுக்க நம்மையே பார்க்கும்படி பாடம் எடுக்க வேண்டும். தாத்தா வேலை பார்த்துக்கொண்டே பிய்த்துப் பிய்த்துக் கற்றதை, இவள் முழுநேரமாகக் கற்கப் போகிறாள்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். அரசு அனுப்பும் இடத்தில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சபா, சரவாக்கில் தமிழ்ப்பள்ளிகள் இல்லை என்பதால் கடல் கடந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஜொகூரிலோ பகாங்கிலோ ஒரு தோட்டப் பள்ளி கிடைக்கலாம். 150 பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அங்கே பாடத்தோடு விளையாட்டு, கணினிப் பதிவு, பெற்றோர் பஞ்சாயத்து எல்லாம் அதே சில ஆசிரியர்கள் தலையில்தான் விழும். குடும்பத்தில் பிரச்சினையோடு வரும் பிள்ளையை உட்கார வைத்துக் கேட்கத் தனி ஆலோசக ஆசிரியரும் பல பள்ளிகளில் இருக்க மாட்டார். உங்கள் மகள் பழகிய வேலை அது. சில வருடம் கழித்து ஆலோசனைத் துறையில் முதுகலை படித்து, 1998 ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஆலோசகராகவும் ஆகலாம். அப்போது அவள் கையில் சம்பளம் இருக்கும்.

பெரியப்பாவிடம் உங்கள் கணவரே பேச வேண்டும். அதை உங்கள் தலையில் போடக் கூடாது. "அண்ணே, நம்ம ரெண்டு பேரையும் வளர்த்தது வாத்தியார் சம்பளம்தான். வீட்டை அடமானம் வைக்க மாட்டேன்" என்று சொன்னால் போதும்.

அப்புறம் ஒன்று. ஐபிஜியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இதற்கு ஏஜெண்ட் என்று எவரும் கிடையாது. இந்த வாரமே கல்வி அமைச்சின் இணையதளத்தில் இவ்வாண்டு நிபந்தனைகளை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதற்கு எப்படித் தயாராவது என்று அவளிடமே பேசுகிறேன்.