மரப் பேனாவில் பாலீஷ் நிற்கவில்லையா?

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலேயே கடைசல் மெஷின் வைத்து மரப் பேனா செய்கிறேன். அரக்கு பாலீஷ்தான் போடுகிறேன். இரண்டே மாதத்தில் விரல் படும் இடம் மங்கிவிடுகிறது என்று வாங்கியவர்கள் குறை சொல்கிறார்கள். நீடித்து நிற்க என்ன பூசலாம்?

பதில்: குறை உங்கள் கைவேலையில் இல்லை, அரக்கில்தான். ஸ்பிரிட்டில் கரைகிற பொருள் அது. சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். அந்தக் கையோடு பேனாவைப் பிடித்தால் பூச்சு இளகத்தான் செய்யும். வேலூர் வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அலமாரிக்கு அரக்கு சரி, பேனாவுக்குச் சரிவராது.

சூப்பர் க்ளூ என்கிறோமே, அந்த சையனோஅக்ரிலேட் பசைக்கு மாறுங்கள். தண்ணீர் போல ஓடும் ரகம் வேண்டும். மெஷின் மெதுவாகச் சுற்றும்போது டிஷ்யூ பேப்பரில் சில சொட்டு விட்டு மெல்லிசாகத் தடவுங்கள். ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது, இப்படி ஆறு முதல் எட்டுப் பூச்சு. அப்புறம் 600-ஆம் நம்பர் எமரி தாளில் தொடங்கி 2000 வரை தேய்த்து, பிளாஸ்டிக் பாலீஷால் மினுக்கினால் போதும். சீக்கிரம் காயட்டும் என்று, பசையை உடனே இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர் ஸ்பிரேயை அள்ளி அடித்தால் வெள்ளை பூத்துவிடும். பஞ்சும் பருத்தித் துணியும் கூடவே கூடாது. இந்தப் பசை பருத்தியில் ஊறினால் கை சுடும், புகையும் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

பசை வாங்கும் இடத்தில்தான் ஏமாற்று. பெரிய டப்பாவை உடைத்துக் குட்டி பாட்டிலில் ஊற்றி, 'இம்போர்ட்டட்' என்று இரட்டை விலைக்குத் தள்ளும் தரகர்கள் இருக்கிறார்கள். பழைய பசை கெட்டியாகிவிடும், சீராகப் பரவாது. தயாரித்த மாதமும் வருடமும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். பொட்டலப் பொருளில் பொதுவாக அது இருக்க வேண்டும் என்று 2011-லேயே விதி வந்துவிட்டது. இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை. கடைக்கடையாக ஏறிப் பார்க்க ஆள் வந்தால்தானே! புகார் கொடுத்தாலும் நம்மைத்தான் அலைய விடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஈட்டி மரம், தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் நேராகப் பூசினால் பசை பிடிக்காது. இன்று கண்ணாடி போல இருக்கும், சில வாரத்தில் ஓரத்தில் உரியத் தொடங்கும். வேம்பு, வாகைக்கு இந்தத் தொல்லை இல்லை, நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தால் போதும். இந்த மாதிரி மரம் என்றால், பசை பூசும் முன் வெறும் மரத்தை எமரியில் தேய்த்து முடித்ததும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நிறம் ஏறும். புதுத் துணியில் மறுபடி துடையுங்கள், நிறம் நன்றாகக் குறையும் வரை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். ஈரம் ஆறியதும் அன்றைக்கே முதல் பூச்சைப் போட்டுவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும்.