சில்வராடோ பிக்கப்பின் ஏசி பெல்ட்டை நாமே மாற்ற முடியுமா?

2015 ஆம் ஆண்டின் செவ்ரோலே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 இன்ஜின். ஏசி பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. எங்கே தேடியும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கண்ணில் படவில்லை. பெல்ட்டை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சஸ் வெயிலில் இதே குடும்பத்து இன்ஜினுள்ள வண்டியை ஓட்டிப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக நீங்களே மாற்றலாம். டென்ஷனர் கண்ணில் படாததற்குக் காரணம், அப்படி ஒன்று அங்கே இல்லாததுதான்.

இந்த இன்ஜினின் முன்பக்கத்தில் வெளியே தெரியும் அகலமான பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அதை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் உண்டு. அதற்குப் பின்னால், இன்ஜினை ஒட்டி ஓடும் ஒல்லியான பெல்ட், இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியையும் ஏசி கம்ப்ரஸர் புல்லியையும் இணைக்கிறது. இந்தப் புல்லிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மாற்ற வழியில்லை. ஆகவே ஓடும் பாதையின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில் பெல்ட்டைச் செய்து, அதை இழுத்து மாட்டுகிறார்கள். சாதாரண பெல்ட்டுக்குள் இருப்பது எளிதில் நீளாத பாலியெஸ்டர் நூல். இதற்குள் இருப்பது நீண்டு சுருங்கக்கூடிய பாலியமைடு நூல். இறுக்கத்தைத் தருவது அந்த நூலே என்பதால், மாட்டும்போது அதற்குக் காயம் பட்டால் புதிய பெல்ட்டும் விரைவில் போய்விடும்.

எனவே வாங்கும்போதே கவனம் தேவை. நீளமும் பெல்ட்டின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றன என்பதற்காகச் சாதாரண பெல்ட்டை வாங்கிவிடக் கூடாது. அது ஒன்று ஏறாது, ஏறினால் வழுக்கும். கேட்ஸ் நிறுவனப் பெல்ட்டில் பாக எண்ணின் கடைசியில் ‘எஸ்எஃப்’ என்றிருக்கும். கான்டினென்டல் நிறுவனம் தன்னுடையதற்கு ‘எலாஸ்ட்’ என்று பெயரிட்டிருக்கிறது.

கழற்றுவது எளிது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, வெளிப் பெல்ட்டை டென்ஷனரைத் தளர்த்திக் கழற்றியபின், உள்ளே இருக்கும் பழைய பெல்ட்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறியுங்கள். நெம்பிக் கழற்றிப் பத்திரப்படுத்துவதில் பயனில்லை, ஏனெனில் ஒருமுறை கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது. புதியதை மாட்டுவதற்கு முன் கம்ப்ரஸர் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்ற சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

மாட்டுவதற்கென்று சிறிய கருவி ஒன்று விற்கிறது. சில பெல்ட்டுகளோடு சேர்த்தே தருகிறார்கள். முதலில் பெல்ட்டைக் கம்ப்ரஸர் புல்லியில் முழுவதுமாகப் பொருத்தி, கருவியைக் கிராங்க் புல்லியின் விளிம்பில் மாட்டி, பெல்ட்டை அதன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள போல்ட்டில் 24 மி.மீ. சாக்கெட்டைப் போட்டு, நீண்ட பிடியால் கடிகார முள்ளின் திசையில் மெதுவாகச் சுற்றினால், கழன்ற சைக்கிள் செயினைப் பெடல் சுற்றி ஏற்றுவதுபோல் பெல்ட் தானாகவே புல்லிக்குள் இறங்கும். கருவி கிடைக்காதபோது பெல்ட்டையும் புல்லியையும் பிளாஸ்டிக் டையால் சேர்த்துக் கட்டிச் சுற்றுபவர்களும் உண்டு; நிதானமாகச் செய்தால் அதுவும் நடக்கிறது. ஆனால் ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது நூலை அறுத்துவிடும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரால் சுற்றவைப்பது விரலையே எடுத்துவிடும். ஏறியபின் கருவியை எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு வரியும் அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வெளிப் பெல்ட்டை மாட்டுங்கள்.

இனி, எப்போது மாற்றுவது என்பது. இக்காலப் பெல்ட்டுகள் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை; பழைய நியோப்ரீன் பெல்ட்டைப்போல வெடிப்பு விட்டு எச்சரிப்பதில்லை, டயரைப்போல மெல்ல மெல்லத் தேய்கின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல், பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் பிளாஸ்டிக் கேஜால் பார்ப்பது நல்லது. 60,000 மைலிலிருந்து பரிசோதிக்கவும் 90,000 மைல் அளவில் மாற்றவும் கேட்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. என் கருத்து, வெளிப் பெல்ட்டை மாற்றும் நாளிலேயே இந்த ஏசி பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும் என்பதே. எப்படியும் அதைக் கழற்றாமல் இதைத் தொட முடியாது. தவிர, ஏசி பெல்ட் அறுந்தால் ஏசி மட்டும்தானே நிற்கும் என்று அலட்சியமாக இருக்க முடியாது. அறுந்த நூல் வெளிப் பெல்ட்டில் சிக்கி அதையும் தள்ளிவிட்டால் தண்ணீர் பம்ப் நின்றுவிடும். அதற்குமேல் வண்டியை ஓட்டினால் இன்ஜின் கொதிக்கும்.

சத்தம் வந்தால், இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். கீச்சுச் சத்தம் சற்று அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை; சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. வழுக்கும் பெல்ட்டை இங்கே இறுக்க வழியில்லை என்பதால், புதியது வாங்கத்தான் வேண்டும். உங்கள் பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்திருப்பதால், நேர்கோடு தவறியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆகவே மாற்றும்போது கம்ப்ரஸரின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, கிராங்க் புல்லி சுழலும்போது ஆடுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.