தையலில் திரும்பத் திரும்பச் சீழ்: வயிற்றுக்குள் துணி இருக்குமா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஏழு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்தார்கள். தையல் தழும்பில் ஒரு சின்னத் துளை, அதில் சீழ் வருகிறது. மருந்துக் கடை மாத்திரையில் காய்கிறது, மாதம் திரும்பினால் மறுபடி வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏற்காட்டிலிருந்து வந்த இரண்டு பக்கங்களில் கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

வாயு, தழும்பில் அரிப்பு, அதற்குக் கீழே மரத்துப்போனது இவற்றை விட்டுவிடுங்கள். தோலோடு சேர்ந்து சிறு நரம்புகளும் வெட்டுப்படுவதால் மரத்துப்போவது இயல்பு. வயிற்றுக்குள் கத்தரிக்கோலை மறந்து தைத்ததாகச் சொல்லும் வீடியோவை அம்மாவிடம் காட்டியிருக்கவே வேண்டாம். ஒரு வாரமாக அவர் தூங்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள்.

'எக்ஸ்-ரே நார்மல்' என்கிறீர்கள். நீங்கள் அனுப்பியிருப்பது இருமலுக்காக எடுத்த நெஞ்சுப் படம். கர்ப்பப்பை இருந்த இடம் அதில் வரவே இல்லை. உதரவிதானம் முதல் இடுப்பெலும்பின் அடிவரை தெரியும்படி வயிற்றுக்குத் தனியாகப் படம் எடுக்க வேண்டும்.

கத்தரி, கிளாம்ப் போன்ற உலோகம் அந்தப் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் உள்ளே தங்கிவிடுவது பெரும்பாலும் ரத்தம் ஒற்றும் துணிதான். அறுவை அரங்கில் அதை 'மாப்' என்போம். பருத்தி எக்ஸ்-ரேயில் தெரியாது. அதனால்தான் மாப்புகளில் பேரியம் சல்பேட் கலந்த ஓர் இழையை வைத்துச் செய்கிறார்கள். படத்தில் அது சுருண்டு கிடக்கும் வெள்ளை நூல் போலத் தெரியும். இழையில்லாத சாதாரணத் துணியை உள்ளே வைத்திருந்தால் படம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆகவே வயிற்றுப் படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் சீழ் நிற்காதவரை சி.டி. ஸ்கேன் தேவை. துணியின் மடிப்புகளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் அந்த ஸ்கேனில் தேன்கூடு போலத் தெரிந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

வயிற்றை மூடுமுன் நர்ஸ் மாப்புகளை வாய்விட்டு எண்ணுவார். கணக்குச் சரியென்று சொன்ன பிறகே தையல். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி எழுதியிருந்தாலும் அதோடு நிம்மதியடைந்துவிட வேண்டாம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உள்ளே பொருள் தங்கியவர்களில், மாப்பும் கருவியும் எண்ணிப் பார்க்கப்பட்ட பெரும்பாலானோருக்குக் கணக்குச் சரி என்றே பதிவாகியிருந்தது. அவசர அறுவையிலும், நடுவில் திட்டம் மாறிய அறுவையிலும், உடல் பருமனானவர்களிடமும் இந்தத் தவறு கூடுதலாக நேர்ந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

அம்மாவுக்கு உள்ளே துணி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கரையாத தையல் நூலைச் சுற்றிச் சீழ் கட்டுவதுதான் அதிகம் பார்ப்பது. சிலருக்குக் காசநோய்க் கிருமியும் காரணமாகும். எதுவானாலும் புண் புரையோடியிருக்கிறது. மருந்துக் கடைக்காரர் தரும் ஐந்து நாள் மாத்திரை மேல்வாயை மூடும், உள்ளே இருப்பதை எடுக்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழை அனுப்பினாலும், அந்த மாத்திரையால் கிருமி வளராமல் போகலாம். ஏழு மாதம் இப்படித்தான் வீணாகியிருக்கிறது. மேற்கொண்டு ஒரு பட்டைகூட வாங்காதீர்கள்.

இந்த வாரமே மலையிறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் பொது அறுவைப் பிரிவிலோ, நீங்கள் நம்பும் வேறோர் அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். வாந்தி, வயிற்று உப்புசம், வாயுவும் மலமும் போகாமை, நடுக்கத்தோடு காய்ச்சல், துளையிலிருந்து மலவாடை இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவிலேயே இறங்கி அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் இதுவரை கொடுத்த மாத்திரைப் பட்டைகளையும் எடுத்து வாருங்கள். கிளம்புமுன் காயத்தின் கட்டை மாற்ற வேண்டாம். அதில் ஊறியிருக்கும் சீழின் நிறமும் வாடையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.